மலையடிவாரத்தில் இரண்டு இரவு: அடுப்பா, அவலா?

தென்காசிக்காரன்: கார்த்திகையில் சிவசைலத்துக்கு மேற்கே, நண்பரின் மாந்தோப்பில் நான்கு பேர் இரண்டு இரவு தங்கப்போகிறோம். கடைசி மூன்று கிலோமீட்டர் நடைதான். சமைப்பதற்கு எதைக் கொண்டுபோகலாம்?

கருப்பட்டி: அடுப்பே வேண்டாம். கெட்டி அவல் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறினால் போதும். தேங்காயும் கருப்பட்டியும் சேர்த்தால் காலைக்கு, புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் இரவுக்கு. 100 கிராம் அவலில் சுமார் 350 கலோரி இருக்கிறது. அதே எடைச் சோற்றில் 130தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். தோப்பில் கிணறு இருக்கும்போது தண்ணீரை எதற்குச் சுமக்க வேண்டும்?

ஆற்றங்கரை: கணக்கு சரிதான் அண்ணாச்சி. ஆனால் போன கார்த்திகையில் கடையம் பக்கம் நாங்களும் அவலை நம்பித்தான் போனோம். அடைமழை. இரவில் எங்களில் இளையவனுக்குப் பல் கிட்டியது. விரல் நுனி வெளுத்து, பையின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் தவித்தான். பக்கத்துத் தோப்புக் காவலர் கொடுத்த சுக்குக் காப்பி உள்ளே போன பிறகுதான் பேச்சே வந்தது. எரிவாயுக் குப்பி நீங்கலாகச் சுமார் 100 கிராம் எடையுள்ள சின்ன கேஸ் அடுப்பைச் சுமக்க யோசிப்பது தவறு.

பாளையங்கோட்டை: அதுவும் எதற்கு? மூன்று கல், நாலு சுள்ளி போதுமே.

ஆற்றங்கரை: மழையில் நனைந்த சுள்ளி புகையும், எரியாது. அதோடு அந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே சுள்ளி பொறுக்கவும் கூடாது, நெருப்பு மூட்டவும் கூடாது.

கருப்பட்டி: எரிவாயுக் குப்பியை ரயிலில் கொண்டுவரக் கூடாதே தம்பி. சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறவர் என்ன செய்வார்?

தென்காசிக்காரன்: நாங்கள் நால்வரும் உள்ளூர்தான், பஸ்ஸிலும் ஏற்றப்போவதில்லை. பைக்கில் வருகிறோம்.

கருப்பட்டி: அப்படியானால் ஒரே ஒரு அடுப்பு, மூடியுள்ள ஒரு லிட்டர் அலுமினியப் பாத்திரம். சுக்கும் மல்லியும் கொதிக்கட்டும், அந்த இளைஞனுக்காக ஒப்புக்கொள்கிறேன். சாப்பாடு அவல்தான்; அரிசி மூட்டைக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆற்றங்கரை: மூடி போடாமல் கொதிக்க வைத்தால் குப்பி சீக்கிரம் தீர்ந்துவிடும். காற்று அடித்தால் மறைப்பு வைக்கலாம். ஆனால் குப்பியைச் சுற்றி முழுவதுமாக மூடிவிடாதீர்கள். சூடேறினால் வெடிக்கும். காற்று வரும் பக்கம் மட்டும் தகட்டை நிறுத்துங்கள்.