ஆற்றங்கரை வீடு குழு: அக்கா பள்ளியின் வி.ஆர். ஹெட்செட்

திங்கள் மாலை

திருவாரூர் அக்கா: தம்பி, வேலை முடிந்து வந்துவிட்டாயா? வியாழக்கிழமை பள்ளியில் கண்காட்சி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணில் மாட்டும் வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கல்லணையிலிருந்து பூம்புகார் வரை மேலே பறந்து பார்க்கட்டும் என்று கூகுள் எர்த் வி.ஆர். போட்டு வைத்திருக்கிறேன். தலையைத் திருப்பினால் படம் ஒரு நொடி கழித்துத்தான் வருகிறது. இன்று ஒத்திகையில் ஒரு பெண்ணுக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

நீடாமங்கலம் அத்தை: ஐயோ, அந்தப் பெண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

திருவாரூர் அக்கா: நன்றாக இருக்கிறாள் அத்தை. தண்ணீர் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் விளையாடப் போய்விட்டாள்.

மாயவரம் தம்பி: அக்கா, என்ன ஹெட்செட்? என்ன கிராஃபிக்ஸ் கார்டு?

திருவாரூர் அக்கா: மெட்டா கம்பெனியின் குவெஸ்ட் 2. கேபிள் போட்டு கம்ப்யூட்டரோடு இணைத்திருக்கிறோம். கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். கம்ப்யூட்டர் கொடுத்த கடைக்காரர், கார்டை மாற்றினால்தான் சரியாகும் என்கிறார்.

நான்: கார்டுக்கு இப்போது பணம் போடாதே அக்கா. எர்த் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் வரும். சிபியூ, மெமரி, டிஸ்க், ஜிபியூ (அதுதான் கிராஃபிக்ஸ் கார்டு) நான்கும் எத்தனை சதவீதம் என்று தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

திருவாரூர் அக்கா: (படம்) சிபியூ 34, மெமரி 95, டிஸ்க் 100, ஜிபியூ 41.

நான்: பார், கார்டு பாதி வேலைகூடச் செய்யவில்லை. அது டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. இதில் பெரிய கார்டு போட்டால் அதுவும் இதே மாதிரிதான் காத்திருக்கும்.

மன்னார்குடி மாமா: மாப்பிள்ளை, டிஸ்க் 100 என்றால் இடம் நிரம்பிவிட்டதா?

நான்: இல்லை மாமா, இடம் வேறு கணக்கு. ஓய்வே இல்லாமல் வேலை செய்கிறது என்பதைத்தான் அந்த 100 சொல்கிறது.

மன்னார்குடி மாமா: ஆனால் பக்கத்தில் நொடிக்கு 2.8 எம்பி என்று போட்டிருக்கிறதே. இவ்வளவு கொஞ்சத்துக்கா மூச்சு வாங்குகிறது?

நான்: அங்கேதான் விஷயம் இருக்கிறது மாமா. அது பழைய வகை ஹார்ட் டிஸ்க், உள்ளே தட்டு சுற்றும். ஒரே பெரிய ஃபைலை வரிசையாகப் படித்தால் நொடிக்கு 100 எம்பிக்கு மேலேகூட வரும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னத் துண்டுகளைக் கேட்டால், ஒவ்வொரு துண்டுக்கும் படிக்கும் முனை நகர்ந்து போய், தட்டு சுற்றி அந்த இடம் வரும் வரைக்கும் நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்கில் ஒரு துண்டுக்குச் சுமார் 12, 13 மில்லிசெகண்ட் போய்விடும். நேரமெல்லாம் நகர்வதிலேயே போகிறது, கைக்கு வருவது கொஞ்சம்தான்.

மன்னார்குடி மாமா: புரிகிறது. கொள்முதல் நிலையத்தில் ஒரே தராசு. இரண்டு இரண்டு மூட்டையோடு இருநூறு பேர் வந்து நின்றால் பொழுது போய்விடும், எடை போட்ட நெல் என்னவோ கொஞ்சமாகத்தான் இருக்கும்.

நான்: அதேதான் மாமா. இப்போது ஹெட்செட் பக்கம் பாருங்கள். 72 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 72 படம் என்றால், ஒரு படத்துக்கு 13.9 மில்லிசெகண்டுதான் அவகாசம். 90 என்றால் 11.1. ஏதோ ஒன்றுக்காக டிஸ்க்கிடம் ஒரு முறை போய் நின்றாலே ஒரு படம் தவறிவிடும். டிவியில் அப்படி நின்றால் எரிச்சல்தான் வரும். இங்கே கழுத்து திரும்பியிருக்கிறது, கண்ணுக்கு முன்னால் உலகம் திரும்பவில்லை. உடம்பு அதைத் தாங்காது. அந்தப் பெண்ணுக்குத் தலை சுற்றியது அதனால்தான்.

கும்பகோணம் பெரியப்பா: (ஃபார்வர்டு செய்யப்பட்டது) கம்ப்யூட்டர் மின்னல் வேகத்தில் ஓட: 1. விர்ச்சுவல் மெமரியை நிறுத்தவும். 2. ஆன்டிவைரஸை நிறுத்தவும். 3. டிஃப்ராக் செய்யவும்.

நான்: பெரியப்பா, அக்கறையாக அனுப்பியதற்கு நன்றி. ஆனால் முதல் இரண்டையும் யாரும் செய்ய வேண்டாம். அக்கா கம்ப்யூட்டரில் ரேம், அதாவது மெமரி, 8 ஜிபிதான். இருக்கிற மெமரி போதாமல்தான் அது விர்ச்சுவல் மெமரி என்று டிஸ்க்கில் இடம் எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தையும் பிடுங்கிவிட்டால், பிள்ளைகள் மாட்டியிருக்கும்போதே எர்த் பட்டென்று மூடிக்கொள்ளும். ஆன்டிவைரஸும் பள்ளிக் கம்ப்யூட்டரில் இருந்தே ஆக வேண்டும், எத்தனையோ பென்டிரைவ் வந்து போகிற இடம்.

கும்பகோணம் பெரியப்பா: சரி தம்பி. அப்படியானால் எதைச் செய்வது?

நான்: டிஸ்க்கை யார் தின்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும் பெரியப்பா. அக்கா, ஸ்டார்ட்டில் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்று தேடித் திற. டிஸ்க் என்ற பக்கத்துக்குப் போ. கீழே ‘டிஸ்க் ஆக்டிவிட்டி’ என்று ஃபைல் பெயரோடு பட்டியல் இருக்கும். ‘டோட்டல்’ என்ற தலைப்பை அழுத்தினால் அதிகம் தின்கிற ஃபைல் மேலே வரும்.

திருவாரூர் அக்கா: மேலே ‘பேஜ்ஃபைல்.சிஸ்’. அடுத்தது ஆன்டிமால்வேர் சர்வீஸ் என்று ஏதோ. அதற்கும் கீழே சர்ச் இண்டெக்ஸர்.

நான்: பேஜ்ஃபைல் மேலே நிற்கிறது என்றால், மெமரி பற்றாமல் டிஸ்க்கை மெமரியாகப் பயன்படுத்துகிறது என்று அர்த்தம். குவெஸ்டுக்கான மெட்டா மென்பொருள், வி.ஆர். செயலிகளை ஓட்டும் ஸ்டீம்விஆர், அதன் மேல் எர்த், மூன்றும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. 8 ஜிபி எங்கே போதும்? பின்னால் குரோம் திறந்திருக்கிறதா?

திருவாரூர் அக்கா: ஆமாம், கணக்கு டீச்சர் வினாத்தாள் எடுத்தார்கள். நிறையப் பக்கம் திறந்து கிடக்கிறது.

நான்: அதை முழுக்க மூடு. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போய், கம்ப்யூட்டர் போட்டதும் தானாக எழுந்து வருகிற தேவையில்லாததை எல்லாம் டிசேபிள் செய். ஸ்டீம் செட்டிங்ஸில் விளையாடும்போது டவுன்லோட் செய்வதற்கான அனுமதியை எடுத்துவிடு. விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு பாஸ் செய். இவ்வளவும் இலவசம்.

மாயவரம் தம்பி: அண்ணா, டிஸ்க்கே கெட்டுப்போயிருந்தால்? எங்கள் லேபில் ஒன்று அப்படித்தான் 100-லேயே நின்றது.

நான்: நல்ல கேள்வி. அக்கா, ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ இறக்கி ஓடவிடு. நீலத்தில் ‘குட்’ என்றால் கவலையில்லை. மஞ்சளில் ‘காஷன்’ என்றால் வேறு எதையும் செய்யாமல் முதலில் பிள்ளைகளின் புராஜெக்ட் ஃபைல்களை நகல் எடு. நம் ஊரில் கரண்ட் போய்ப் போய் வருவதில் ஹார்ட் டிஸ்க்குகள் சீக்கிரம் அடிவாங்கும்.

திருவாரூர் அக்கா: நீலம். குட்.

நான்: அப்படியானால் ரேம்தான். இதே மாதிரிக் கம்ப்யூட்டர் வேறு இருக்கிறதா?

திருவாரூர் அக்கா: இதோடு வாங்கியது ஒன்று, மதர்போர்டு போய் மூலையில் கிடக்கிறது. தலைமையாசிரியரிடம் கேட்டு அதிலிருந்து எடுக்கலாம்.

நான்: கேட்டு எடு. ஸ்டிக்கரில் டிடிஆர்4 என்று இருக்கிறதா, இரண்டிலும் ஒரே வேகம் எழுதியிருக்கிறதா என்று பார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டு மாட்டு. இரண்டு பக்கமும் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும்.

செவ்வாய்

திருவாரூர் அக்கா: இன்று பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. ரேமை மாட்டி வைத்திருக்கிறேன், போட்டுப் பார்க்க முடியவில்லை.

மன்னார்குடி மாமா: அம்மாடி, வியாழக்கிழமை இப்படிப் போனால் என்ன செய்வாய்?

திருவாரூர் அக்கா: ஹெட்செட்டில் பேட்டரி இருக்கிறது மாமா. கம்ப்யூட்டர்தான் அணைந்துவிடும்.

மன்னார்குடி மாமா: மில் ஆபீஸில் யூபிஎஸ் ஒன்று சும்மா இருக்கிறது. கொண்டுவந்து தருகிறேன்.

நான்: மாமா, கட்டாயம் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், அடுத்த முறை போட்டதும் சில சமயம் டிஸ்க்கைச் சரிபார்க்க ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அது வேண்டாம்.

புதன்

திருவாரூர் அக்கா: தம்பி, 16 ஜிபி காட்டுகிறது! ஆனால் போட்டதும் டிஸ்க் மறுபடி 100.

நான்: போட்டவுடன் அப்படித்தான் இருக்கும் அக்கா. நேற்று முழுக்க அணைந்து கிடந்ததால் டிஃபென்டரும் (விண்டோஸின் ஆன்டிவைரஸ்) சர்ச் இண்டெக்ஸரும் பாக்கி வேலையைச் செய்கின்றன. பதினைந்து இருபது நிமிடம் எதையும் தொடாதே. நாளைக்கும் மணி அடிப்பதற்கு முன்பே போட்டு வைத்துவிடு.

திருவாரூர் அக்கா: இறங்கிவிட்டது. இப்போது எர்த் ஓடும்போது மெமரி 62, டிஸ்க் 4, ஜிபியூ 78. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் நான்கும் பிரிவதை மேலே நின்று பார்த்தேன். வெண்ணாற்றைப் பிடித்துக்கொண்டே வந்து ஓடம்போக்கியைத் தேடிக் கண்டுபிடித்தேன். இருபது வருடமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியதை இவர்கள் கண்ணால் பார்க்கப் போகிறார்கள்.

கும்பகோணம் பெரியப்பா: கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது அம்மா. அரசலாற்றையும் காட்டு.

திருவாரூர் அக்கா: காட்டுகிறேன் பெரியப்பா. ஒன்று மட்டும் பாக்கி. இழுவை போய்விட்டது, ஆனால் எப்போதாவது ஒரு முறை விக்குகிறது, படமும் கலங்குகிறது.

நான்: அப்போது டிஸ்க் எவ்வளவு?

திருவாரூர் அக்கா: அப்போதும் 4தான்.

நான்: அப்படியானால் டிஸ்க்கை விட்டுவிடுவோம். கேபிளை எங்கே மாட்டியிருக்கிறாய், முன் பக்கமா?

திருவாரூர் அக்கா: ஆமாம், முன்னால் கறுப்பு போர்ட்.

நான்: பின்னால் மதர்போர்டிலேயே நீல நிறத்தில் யூஎஸ்பி 3 போர்ட் இருக்கும், அதில் மாட்டு. மெட்டா மென்பொருளில் கேபிளைச் சோதிக்க ‘யூஎஸ்பி டெஸ்ட்’ இருக்கிறது, ஓடவிட்டுப் பார். பவர் ஆப்ஷனில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ இருந்தால் நிறுத்து. ரெஃப்ரெஷ் ரேட் 72-லேயே இருக்கட்டும். 90 வைத்துத் தடுமாறுவதைவிட 72 சீராக ஓடுவது பிள்ளைகளுக்கு நல்லது. பறந்து போகும் வழியில் சில இடம் மட்டும் மங்கலாக இருந்து பிறகு தெளிந்தால் அது இண்டர்நெட், எர்த் படங்களை அங்கிருந்துதான் இறக்குகிறது.

மாயவரம் தம்பி: அக்கா, ஒரு எஸ்எஸ்டி (தட்டு சுற்றாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்னிடம் சும்மா கிடக்கிறது. இன்றே கொண்டுவரவா?

நான்: கண்காட்சி முடியட்டும் தம்பி. ஓடுகிற கம்ப்யூட்டரில் முதல் நாள் இரவு விண்டோஸை மாற்றக் கூடாது. எஸ்எஸ்டி கட்டாயம் வேண்டும், அதில் நகரும் பாகமே இல்லாததால் இந்தக் காத்திருப்பு தொல்லையே போய்விடும். சனிக்கிழமை நானும் வருகிறேன், சேர்ந்து செய்வோம்.

திருவாரூர் அக்கா: பின்னால் மாற்றிவிட்டேன். விக்கல் இல்லை!

நீடாமங்கலம் அத்தை: பிள்ளைகளை நிற்க வைக்காதே அம்மா, நாற்காலியில் உட்கார வை. சாப்பிட்ட உடனேயும் மாட்டிவிடாதே.

நான்: அத்தை சொல்வது முக்கியம். தலை சுற்றினால் உடனே கழற்றச் சொல். ஒவ்வொரு பிள்ளைக்கும் கண் இடைவெளி வேறு. லென்ஸைக் கையால் நகர்த்தினால் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலை இருக்கிறது, எதில் தெளிவோ அதில் வை. அப்புறம், பந்தல் எங்கே?

திருவாரூர் அக்கா: மைதானத்தில், மேற்கு ஓரம்.

நான்: அங்கே வேண்டாம் அக்கா. லென்ஸில் நேர் வெயில் பட்டால் பூதக்கண்ணாடி மாதிரி குவிந்து உள்ளே திரையைச் சுட்டுவிடும், பிறகு அந்தப் புள்ளி போகவே போகாது. வகுப்பறைக்குள் வை. ஆனால் இருட்டாக்கிவிடாதே, ஹெட்செட்டின் கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும்.

திருவாரூர் அக்கா: சரி, எட்டாம் வகுப்பு அறையையே கேட்டு வாங்குகிறேன். ஜன்னலுக்குத் துணி கட்டிக்கொள்கிறோம்.

மன்னார்குடி மாமா: யூபிஎஸ்ஸை வண்டியில் ஏற்றிவிட்டேன். ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் இருப்பேன். யாராவது கேட்டைத் திறந்து வைக்கச் சொல்.