எல்லோரையும் கேட்டாயிற்று, என்னை நான் நம்புவது எப்படி?

செம்மண்காரி கேட்டது:

வணக்கம். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன். முடியாது என்று எனக்கே தெரியும்.

வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். மூலக்குளத்தில் தோழிகளோடு அறை. சொந்த ஊர் காடாம்புலியூர்ப் பக்கம். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது தாத்தா வைத்த மரங்கள் ஒன்று மிச்சமில்லாமல் சாய்ந்துவிட்டன. அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. வேர் மேலே தெரியக் கிடந்த மரங்களுக்கு நடுவே அப்பா யாரோடும் பேசாமல் நடந்துகொண்டிருந்தது நினைவிருக்கிறது. பிறகு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக்கன்றுகளை வாங்கி வைத்தார். அவைதான் இன்று காய்க்கின்றன. நன்றாகவே காய்க்கின்றன.

காய்க்காதது அப்பாவின் முழங்கால்தான். அண்ணன் துபாயில் இருக்கிறான், வரமாட்டான். ஆகவே தோப்பை ஐந்து வருடக் குத்தகைக்கு விடுவதென்று அப்பா ஒரு வியாபாரியிடம் பேசி வைத்திருக்கிறார். அடுத்த மாதம் பத்திரம் எழுதுகிறார்கள்.

எனக்கு அந்தத் தோப்பு வேண்டும். நானே பார்த்துக்கொள்ள வேண்டும், கொட்டையாக விற்காமல் உடைத்துப் பருப்பாக்கி விற்க வேண்டும் என்று ஆசை. இதை வெளியே சொன்னதுதான் தாமதம். "மருந்துக் கம்பெனி வேலை என்றால் வரன் வரும், தோப்பு என்றால் யார் வருவார்கள்?" என்கிறார் மாமா. அறைத்தோழி, அழகான டப்பாவில் அடைத்து இன்ஸ்டாகிராமில் விற்றால் ஒரே வருடத்தில் பணக்காரி என்கிறாள். அத்தை அழைத்துப்போன ஜோசியர், சனிப்பெயர்ச்சி முடியட்டும் என்றார். மேலதிகாரியோ என் பதவி உயர்வை நினைவூட்டினார். எல்லோரும் பேசி முடித்ததும் தவறாமல் ஒன்று சொல்கிறார்கள்: "கடைசியில் உன் மனம் சொல்வதைக் கேள்." அது காலையில் ஒன்று சொல்கிறது, இரவு வேறொன்று சொல்கிறது.

ஒரு தொகுதி மாத்திரையை வெளியே விடலாமா என்று கேட்டால், என்னிடம் கருவி இருக்கிறது, அளவு இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிடுவேன். என்னை எதில் வைத்து அளப்பது? தன்னையே நம்பிப் போனவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

(தோப்பு வேலை தெரியாதவள் இல்லை. போன தை மாதம் தேயிலைக் கொசு என்கிற பூச்சி விழுந்து, பூங்கொத்தெல்லாம் நெருப்புப் பட்டதுபோல் கருக ஆரம்பித்தது. அப்பா மருத்துவமனையில். ராத்திரியே பண்ருட்டிக்குப் போய் பூச்சிமருந்து வாங்கி, ஆள் பிடித்து, விடியற்காலையில் அடித்து முடித்தேன். அது பெரிய விஷயமில்லை, சும்மா சொல்கிறேன்.)

நெல்லிக்குப்பம் கணக்கர் எழுதியது:

கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கசப்பாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

முந்திரி வருடத்துக்கு ஒரு முறைதான் பணம் தரும். மாசிக் கடைசியில் பொறுக்க ஆரம்பித்தால் வைகாசிக்குள் முடிந்துவிடும். மற்ற மாதங்களில் களை, கவாத்து, உரம், மருந்து என்று செலவு மட்டும்தான். பூ எடுக்கும் நேரத்தில் மழையோ பனிமூட்டமோ நீடித்தால் அந்த வருடக் கணக்கே மாறிவிடும். உங்கள் சம்பளம் இந்த விஷயத்தில் முந்திரியைவிட யோக்கியமானது, மாதாமாதம் வந்துவிடும்.

அடுத்தது பருப்பு. கொட்டை ஒரு கிலோ உடைத்தால் பருப்பு ஏறத்தாழ கால் கிலோ. அதிலும் முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு ஒரு விலை, குருணைக்கு ஒரு விலை. மூன்று ஏக்கர்க் கொட்டையைச் சில வாரங்களில் உடைத்துத் தீர்த்துவிடுவீர்கள். அப்புறம் கொட்டகையைப் பூட்டி வைப்பீர்களா? பண்ருட்டியில் வருடம் முழுவதும் ஓடும் கொட்டகைகள் பல, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும் ஆப்பிரிக்கக் கொட்டையை நம்பித்தான் ஓடுகின்றன. நீங்கள் போட்டி போடப்போவது பக்கத்துத் தோப்போடு இல்லை, அந்தக் கொட்டையோடு.

தன்னம்பிக்கையை ஈடு வைத்து எந்த வங்கியிலும் கடன் வாங்க முடியாது. எவ்வளவு சேமித்திருக்கிறீர்கள், குத்தகைக்காரரிடம் அப்பா முன்பணம் வாங்கிவிட்டாரா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள். மனம் என்ன சொல்கிறது என்று பிறகு பார்க்கலாம்.

கடற்கரைச் சாலை நடையர் எழுதியது:

எங்கள் புதுச்சேரிக்கு இந்தக் கேள்வியோடு வண்டி ஏறி வருகிறவர்கள் ஏராளம். மூன்று நாள் தங்கி, கடலைப் பார்த்து, அகக்குரல் கேட்டுவிட்டது என்று ராஜினாமாக் கடிதத்தை அனுப்பிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அப்புறம் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

ஏனோ எல்லோரும் அரவிந்தரை உதாரணம் காட்டுகிறார்கள். ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறியவர், குதிரையேற்றத் தேர்வுக்குப் போகாமல் விட்டு, அந்தப் பதவியை நழுவவிட்டார் என்பது உண்மைதான். அதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து அவர் செய்தது என்ன? 1893இல் பரோடா சமஸ்தான வேலையில் சேர்ந்தார். வருவாய்த் துறையில் கோப்பு பார்த்தார், கல்லூரியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தார். சமஸ்கிருதமும் வங்காளமும் ஆழ்ந்து கற்றது அந்தச் சம்பளக் காலத்தில்தான். பரோடாவை விட்டுக் கிளம்பியது 1906இல். புதுச்சேரியில் இறங்கியது 1910 ஏப்ரல் 4. குதிரையேற்றத்துக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் நடுவே எத்தனை வருடம் என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

ஆகவே வேலையை நாளையே விடாதீர்கள். அறுவடைக்குச் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள். தரவில்லை என்றால் அப்போது யோசிக்கலாம். காடாம்புலியூர் ஒன்றும் கடல் தாண்டி இல்லையே, சனி ஞாயிறு போய் வரலாம்.

முந்திரிக்கொட்டை எழுதியது:

பண்ருட்டிப் பக்கம் உடைக்கும் கொட்டகை வைத்திருக்கிறேன், பெண்கள்தான் வேலை செய்கிறார்கள். பெரியவர்கள் இருவரும் நன்றாகச் சொன்னார்கள், ஆனால் பாப்பா எழுதியதைக் கடைசி வரை படித்தார்களா என்று சந்தேகம்.

மாமாவைக் கேட்டாய், தோழியைக் கேட்டாய், ஜோசியரையும் விடவில்லை. கொசு விழுந்த ராத்திரி யாரைக் கேட்டாய்? அதைப் போய் அடைப்புக்குறிக்குள் போட்டு, பெரிய விஷயமில்லை என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு இரண்டு நாள் தாமதித்திருந்தால் அந்த வருடக் காய்ப்பில் பாதி போயிருக்கும். எந்த மருந்து, எவ்வளவு, யாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் நீயே முடிவு செய்திருக்கிறாய். மனம் காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று மாற்றிப் பேசியதா? பேசியிருக்காது, அதற்கு நேரம் ஏது?

நீ கேட்ட கருவி அதுதான் என்று நினைக்கிறேன். யாரையும் கேட்காமல் நீ பாட்டுக்குச் செய்கிற காரியம் எது என்று பார். அங்கே உனக்கு உன்மேல் நம்பிக்கை ஏற்கெனவே இருக்கிறது. சத்தம் போடாமல் இருப்பதால் தெரியவில்லை.

நான் கொட்டை வாங்க ஆரம்பித்தபோது தரகரைக் கூடவே கூட்டிப்போவேன். மூட்டையில் கைவிட்டு மாதிரி எடுத்து, நறுக்கி, பருப்பு நிறை பார்த்து அவர் தலையாட்டினால்தான் விலை பேசுவேன். ஒரு பருவத்தில் அவர் மகள் கல்யாணம் என்று வரவில்லை. நானே நறுக்கினேன், நானே வாங்கினேன். அதற்கப்புறம் அவரைக் கூப்பிடத் தோன்றவேயில்லை. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆனால் ஒன்று. தோப்பு வரைக்கும் உன்னை நீ நம்பலாம். பருப்பு வியாபாரத்தில் நீ இன்னும் ஒரு முடிவும் எடுத்ததில்லை, அங்கே பயம் வருவது நியாயம். 320 ரகம் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு நிற்க வேண்டும். அதைக் கண்ணால் பிரிக்கத் தெரியுமா? உடைக்கிற பெண்ணுக்குக் கூலி எப்படிக் கணக்கு? தெரியாது இல்லையா? அப்படியானால் இந்த வருடம் தோப்பை மட்டும் எடு, கொட்டையாகவே விற்றுவிடு. அப்பாவிடம் ஐந்து வருடம் பேசாதே, ஒரே ஒரு வருடம் கேள். பழைய கொட்டை வீட்டில் இருந்தால் ஒரு மூட்டை என் கொட்டகைக்குக் கொண்டு வா. நீயே உடைத்து, உலர்த்தி, தோல் நீக்கி, தரம் பிரித்துப் பார். பிடிக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

வரன் விஷயம் எனக்குத் தெரியாது. தோப்பு என்றதும் ஓடுகிறவன் ஓடட்டும்.

செம்மண்காரி மீண்டும்:

மூவருக்கும் நன்றி. கணக்கர் ஐயா, முன்பணம் வாங்கியிருக்கிறார். சொல்லாமல் வைத்திருந்தார், நேற்றுதான் வாய் திறந்தார். என் சேமிப்பிலிருந்து கொடுத்துவிட முடியும். கொடுத்த பிறகு பெரிதாக ஒன்றும் மிஞ்சாது, ஆனால் சம்பளம் இருக்கிறது. வேலையை விடவில்லை, மாசிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அப்பாவிடம் ஒரு வருடம் என்றுதான் கேட்டேன். "மருந்து அடிக்க ஆள் யார் பிடிப்பார்கள்?" என்றார். போன வருடம் பிடித்தது யார் என்று கேட்டேன். பக்கத்துத் தோப்புக்காரர் செய்தார் என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்! அம்மாவிடம் திரும்பி, "நீயாவது சொல்லக்கூடாதா?" என்று கோபித்துக்கொண்டார். சரி என்று இன்னும் சொல்லவில்லை, ஆனால் பத்திரம் எழுத நாள் பார்த்த காலண்டர் தாளைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டார். மாமாவுக்கு யார் சொல்வது என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு.

அக்கா, போன வருடக் கொட்டை ஒரு மூட்டை கிடக்கிறது. எப்போது வரட்டும்?

நெல்லிக்குப்பம் கணக்கர் எழுதியது:

முன்பணத்தைத் திருப்பும்போது இரண்டு சாட்சியோடு எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட வேண்டாம். வங்கிக் கணக்கு வழியாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

முந்திரிக்கொட்டை எழுதியது:

சனிக்கிழமை காலை வா. பழைய சேலையோ சுடிதாரோ எதுவானாலும் சரி, கறை போகாது. மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடு, ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலை அரித்துவிடும். கையில் தடவச் சாம்பல் இங்கே இருக்கிறது. மூட்டை நனைந்ததாக இருந்தால் தூக்கி வராதே, முதலில் இரண்டு நாள் வெயிலில் போடு.