நாய் பிடித்த பதிவேட்டை ஊர் பார்க்கலாமா, கூடாதா?

கீழத்தெரு வாசி:

எங்கள் தெருவில் ஒரு செவலைப் பெட்டை நாய் இருக்கிறது. இடது காதில் 'வி' வெட்டு. கருத்தடை முடிந்தது என்பதற்கான அடையாளம் அது. போன மாதம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஐந்து குட்டி போட்டது. பெட்டைக்குக் கருத்தடை என்றால் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். அப்புறம் குட்டி எங்கிருந்து வரும்?

தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப்போட்டேன். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகராட்சி ஏபிசி மையத்தின் (தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து ஊசி போடும் இடம்) மூன்று மாதப் பதிவேட்டைக் கேட்டேன். முப்பதாவது நாள் நகல் வந்தது. எல்லாப் பக்கமும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா. நாளுக்குப் பன்னிரண்டு நாய். ஞாயிற்றுக்கிழமையும் பன்னிரண்டு, பொங்கலன்றும் பன்னிரண்டு. 'பிடித்த இடம்' என்ற கட்டத்தில் முதல் வரியில் வார்டு எண். அதற்குக் கீழே பக்கம் முழுக்க 'மேற்படி' மட்டும்தான். 'திரும்ப விட்ட இடம்' என்று ஒரு கட்டமே இல்லை.

2023ஆம் ஆண்டு ஏபிசி விதிகளில் எந்தப் பகுதி, எந்தத் தேதி, எத்தனை மணி, பிடித்த ஆட்கள் யார், ஆண் எத்தனை, பெட்டை எத்தனை என்று எல்லாம் எழுதச் சொல்லியிருக்கிறது. பிடித்த இடத்திலேயே திரும்ப விடவும் சொல்லியிருக்கிறது. என் கோரிக்கை ஒன்றுதான். இந்தப் பதிவேடு வாராவாரம் நகராட்சி இணையதளத்தில் வர வேண்டும். யாரும் மனுப்போட்டு முப்பது நாள் காத்திருக்கத் தேவை இருக்கக் கூடாது.

இரண்டு பிள்ளை அப்பா:

நீங்கள் பேனா மையைப் பார்த்துக்கொண்டிருங்கள் சார். என் ஏழு வயது மகளைப் பள்ளிக்கூட வாசலிலேயே கடித்தது. கெண்டைக்காலில் நாலு பல். புண்ணைச் சுற்றி ஊசி போடும்போது அவள் அலறியதை நான் மறக்கவே மாட்டேன். 2025 நவம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம், இங்கெல்லாம் நாயைப் பிடித்தால் அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது, காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பதிவேட்டை இணையத்தில் போட்டால் நாய் கடிக்காமல் இருக்குமா?

தெருநாய்த் தோழி:

பாப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது அண்ணா? கடைசி ஊசி வரைக்கும் போட்டுவிட்டீர்கள்தானே? ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

நீங்கள் சொன்ன உத்தரவு அந்த மாதிரி வளாகங்களுக்கு மட்டும்தான். தெரு நாய்களுக்கு ஆகஸ்ட் 22ஆம் தேதி உத்தரவு இருக்கிறது. கருத்தடை செய்து, குடற்புழு நீக்கி, தடுப்பூசி போட்டு அதே இடத்தில் விட வேண்டும். வெறி பிடித்ததும் மூர்க்கமானதும் மட்டுமே விலக்கு.

ஆனால் தெரு பெயரோடு பதிவேட்டை இணையத்தில் போடுவதை நான் எதிர்க்கிறேன். இரண்டு வருடம் முன்பு எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் 'எந்தத் தெருவில் எத்தனை நாய்' என்று ஒருவர் கணக்குப் போட்டார். பத்தே நாளில் நான் சோறு வைக்கும் மூன்று நாய்கள் விடியற்காலையில் வாயில் நுரையோடு கிடந்தன. மூன்றுக்கும் கருத்தடையும் ஊசியும் முடிந்திருந்தது. பக்கத்தில் கோழிக்கறித் துண்டு கிடந்தது. பட்டியலைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இன்னொரு பட்டியலை என் கையால் கொடுக்க மாட்டேன்.

கால்நடை மருத்துவர் ஒருவன்:

ஆறு வருடம் இரண்டு ஏபிசி மையங்களில் அறுவை செய்திருக்கிறேன். இப்போது அந்த வேலையில் இல்லை.

முதலில் செவலை நாய். சண்டையில் கிழிந்த காது சில நேரம் 'வி' மாதிரியே ஆறிப்போகும். படம் இருந்தால் போடுங்கள். ஆனால் மையத்தில் வெட்டிய காதுதான் என்றால், குட்டி போட்ட நாய்க்கு அறுவை நடக்கவில்லை. அதில் வாதம் கிடையாது.

பதிவேடு ஒரே பேனாவில் இருப்பதை வைத்து மோசடி என்று சொல்லிவிடாதீர்கள். வண்டி காலை ஐந்தரைக்குக் கிளம்பும். பிடிக்கிறவர் துண்டுச் சீட்டில் தெருப் பெயரை எழுதி நாயின் கழுத்துப் பட்டையில் செருகுவார். அறுவை முடிந்து, கூண்டுகளைக் கழுவி, சோறு வைத்து முடிக்கும்போது இரவு எட்டாகிவிடும். அப்புறம்தான் ஒருவர் உட்கார்ந்து அந்தச் சீட்டுகளைப் பார்த்துப் பெரிய நோட்டில் ஏற்றுவார். பல நாள் வார இறுதியில் மொத்தமாக ஏற்றியிருக்கிறோம். அது தப்புதான், ஆனால் அறுவை நடந்தது.

இணையத்தில் போடுவதை நான் எதிர்ப்பதற்குக் காரணம் வேறு. நூறு நாயில் ஒன்றிரண்டு மேசையிலேயே போய்விடும். இரத்தம் குறைந்த நாய், உண்ணிக் காய்ச்சலை உள்ளே வைத்திருந்த நாய். அதை நேர்மையாக எழுதினால் மறுநாள் காலை வாசலில் பத்துப் பேர் செல்போனோடு நிற்பார்கள். என் சக மருத்துவரை அப்படி அழவைத்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் சாவை யாரும் எழுத மாட்டார்கள். பொய்தான் கூடும்.

கீழத்தெரு வாசி:

படம் போட்டிருக்கிறேன் டாக்டர். இரண்டு ஓரமும் நேராக, கத்தரியால் வெட்டியது போல் இருக்கிறது. பாருங்கள்.

கால்நடை மருத்துவர் ஒருவன்:

பார்த்தேன். அது மையத்தில் வெட்டிய காதுதான்.

ஓய்வு பெற்ற தணிக்கையாளர்:

உள்ளாட்சி நிதித் தணிக்கையில் இருபத்தெட்டு வருடம் இருந்தவன். நாயைப் பற்றி எனக்குத் தெரியாது, பதிவேட்டைப் பற்றித் தெரியும்.

நகராட்சி ஒரு சாலை போட்டால் 'எம் புக்' என்று ஓர் அளவுப் புத்தகம் உண்டு. அச்சடித்த பக்க எண். நகராட்சிப் பொறியாளர் டேப்பைப் பிடித்து அளந்து எழுத வேண்டும். அதற்கு மேலே உள்ள அதிகாரி மறுபடி அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒப்பந்ததாரர் தானே அளந்து தானே எழுதினால் அந்த பில்லை எந்தக் கணக்கரும் தொட மாட்டார்.

ஏபிசியில் ஒரு நாய்க்கு இவ்வளவு என்றுதான் பணம் போகிறது. அந்த நாய்களை எண்ணி எழுதுகிறவர் யார்? பணம் வாங்குகிற அமைப்பேதான். இழை தொடங்கியவர் கையெழுத்தையும் மையையும் பார்த்தார். நான் முதலில் பார்ப்பது பதிவேடு யார் கஸ்டடியில் இருக்கிறது என்பதை. டாக்டர் சொன்ன அந்தத் துண்டுச் சீட்டுதான் மூல ஆவணம். பெரிய நோட்டு வெறும் நகல். சீட்டைக் குப்பையில் போட்டுவிட்டு நகலைத் தணிக்கைக்குக் கொடுத்தால் நாங்கள் எதைத் தணிக்கை செய்வது?

விதியில் இதற்கு வழி இருக்கிறது. எடுத்த கர்ப்பப்பை, விதைகளை ஃபார்மலினில் போட்டு வைத்து, கண்காணிப்புக் குழு எண்ணிப் பார்த்த பிறகுதான் எரிக்க வேண்டும். பணியில் இருந்தபோது ஒரு முறை போய் நின்றேன். நீல நிற டிரம். மூடியைத் திறந்ததும் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. கையுறை போட்ட ஊழியர் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்து எண்ணினார். பில்லில் இருந்த கணக்குக்கும் தட்டில் இருந்ததற்கும் நாற்பதுக்கு மேல் வித்தியாசம். 'மிச்சம் கெட்டுப்போச்சு சார், புதைச்சிட்டோம்' என்றார்கள். புதைத்ததற்கும் பதிவு இல்லை. அந்தத் தொகையை நிறுத்திவைத்து எழுதினேன்.

டாக்டர், சாவை எழுதினால் கூட்டம் வரும் என்கிறீர்கள். புரிகிறது. ஆனால் சாவே எழுதாத பதிவேட்டை எந்தத் தணிக்கையாளரும் நம்ப மாட்டார். பிரசவ வார்டுப் பதிவேட்டில் ஒரு வருடம் முழுக்க ஓர் இறப்புகூட இல்லை என்றால் நீங்கள் நம்புவீர்களா?

இரண்டு பிள்ளை அப்பா:

எல்லாம் சரி. மறுபடி கேட்கிறேன், என் மகள் கதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கீழத்தெரு வாசி:

சார், உங்கள் மகளைக் கடித்த நாயின் காதில் வெட்டு இருந்ததா?

இரண்டு பிள்ளை அப்பா:

இருந்தது. அதனால்தான் வாட்ச்மேன் 'ஊசி போட்ட நாய்தான், பயப்படாதீங்க' என்றார். வீட்டில் பெரியவர்களும் அதையே சொல்லி ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நான்தான் பிடிவாதமாகத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கீழத்தெரு வாசி:

அந்த வெட்டை நம்பிதான் உங்கள் வீட்டிலும் வேண்டாம் என்றார்கள். எங்கள் செவலையின் வெட்டுக்குப் பின்னால் அறுவை இல்லை. ஊசி மட்டும் இருந்திருக்கும் என்று எப்படி நம்புவது? வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற மருந்தே கிடையாது. ஒரு பொய்ப் பதிவு அந்த வாட்ச்மேன் வாயில் 'பயப்படாதீங்க' என்று வந்து நிற்கிறது சார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடாத ஓர் அப்பாவை நினைத்துப் பாருங்கள்.

கால்நடை மருத்துவர் ஒருவன்:

இதை மறுக்க மாட்டேன். எல்லோருக்கும் சொல்கிறேன்: காதில் வெட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடித்தால் ஊசிதான். உண்மையாகவே போட்ட ஊசிக்கும் காலக்கெடு உண்டு, வருடா வருடம் திரும்பப் போட வேண்டும். வெட்டைப் பார்த்து அது தெரியாது. சென்னையில் 2025இல் நாய்களுக்கு மைக்ரோசிப் வைக்கத் தொடங்கியது இதற்காகத்தான். தோலுக்கடியில் அரிசி மணி அளவு, அதில் ஓர் எண். கருவியைக் காட்டினால் இந்த நாய் எங்கே பிடிபட்டது, எப்போது ஊசி என்று வரும். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் உண்மையை ஏற்றியிருக்க வேண்டும்.

இரண்டு பிள்ளை அப்பா:

நான் போன மருத்துவமனையில் பெயர், வயது, புண் எங்கே என்று கேட்டார்கள். எந்த இடத்தில் கடித்தது என்று கேட்கவே இல்லை. அந்தச் சீட்டு நகராட்சிக்கும் போவதில்லை. அங்கே போனபோது 'எங்களுக்குப் புகார் எதுவும் வரல' என்றார்கள். ஒரே வாசலில் அந்த மாதம் மூன்று பிள்ளைகளுக்குக் கடி. அதையும் யாராவது எழுதிவைக்க வேண்டாமா?

ஓய்வு பெற்ற தணிக்கையாளர்:

நீங்கள் கேட்டதும் பதிவேடுதான் தம்பி. நாய் பிடிக்கும் வண்டி எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்பதை அந்தக் கடிப் பதிவுதான் சொல்ல வேண்டும். இப்போது யார் போன் போட்டுச் சத்தம் போடுகிறாரோ அவர் தெருவுக்குப் போகிறது.

மேலே வரைக்கும் இதே கதைதான். 2025 அக்டோபர் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் கணக்குப் பார்த்தபோது, ஏபிசி விதிகளை எப்படி நிறைவேற்றினோம் என்று பிரமாணப் பத்திரம் போட்டிருந்தவை மேற்கு வங்கம், தெலங்கானா, டெல்லி மாநகராட்சி, அவ்வளவுதான். மற்ற மாநிலங்களின் தலைமைச் செயலாளர்களை நேரில் வரச் சொன்னார்கள். கீழே நோட்டு ஒழுங்காக இல்லாமல் மேலே எதைப் பார்த்துப் பிரமாணம் எழுதுவது?

தெருநாய்த் தோழி:

ஐயா, பதிவேடு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஒரு முறை பிடித்துப் போன எங்கள் கறுப்பி இரண்டு வாரம் திரும்பவில்லை. கேட்டால் 'விட்டாச்சு' என்றார்கள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், இன்னொரு கூட்டத்து நாய்கள் நடுவில் கடிபட்டு நொண்டிக்கொண்டு கிடந்தாள். 'விட்ட இடம்' என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் முதல் நாளே போயிருப்பேன். எனக்கும் அந்த நோட்டு வேண்டும். ஆனால் தெருவோடு இணையத்தில் வேண்டாம். வார்டு கணக்கு மட்டும் போடுங்கள்.

கீழத்தெரு வாசி:

வார்டு கணக்கு மட்டும் என்றால் எனக்குக் கிடைத்த 'மேற்படி'தானே மேடம்? வார்டுக்கு அறுபது என்று யாரும் எழுதிவிடலாம். அறுபது தெருவையும் எழுதினால்தான் பொய் சொல்வது கஷ்டம்.

தெருநாய்த் தோழி:

பொய் சொல்வது கஷ்டமாகும், விஷம் வைப்பது சுலபமாகும். நீங்கள் அந்த நுரையைத் துடைத்ததில்லை.

ஓய்வு பெற்ற தணிக்கையாளர்:

நடுவில் ஒரு வழி இருக்கிறது. வார்டு வாரியாக பிடித்தது, அறுவை ஆனது, செத்தது, விட்டது, உறுப்பு எண்ணிக்கை ஆகியவை இணையத்தில். தெருவோடு உள்ள மூலப் பதிவேடு அலுவலகத்தில், கேட்பவர் நேரில் வந்து பார்க்கலாம். தகவல் உரிமைச் சட்டம் 2(ஜே) பிரிவில் ஆவணத்தை நேரில் பார்வையிடும் உரிமை இருக்கிறது. பலர் நகல் மட்டும்தான் கேட்கிறார்கள். நகலில் பேனா அழுத்தம் தெரியாது, கிழித்த பக்கம் தெரியாது. மையத்தை நடத்துவது தனி அமைப்பு, எங்களிடம் இல்லை என்பார்கள். அது செல்லாது. நகராட்சி சட்டப்படி கேட்டு வாங்கக்கூடிய எந்தத் தகவலும் 2(எஃப்) படி தகவல்தான்.

இன்னொன்று. மையத்தில் சிசிடிவி வைத்து, பதிவை 30 நாளாவது வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தகவல் உரிமை மனுவுக்குப் பதில் தரும் கெடுவும் 30 நாள். அவர்கள் நிதானமாகப் பதில் எழுதி முடிக்கும் நாளில் நீங்கள் கேட்ட காட்சி அழிந்திருக்கும். அதனால் மனுவிலேயே 'இந்தத் தேதிக் காட்சியை இப்போதே தனியாகச் சேமித்து வைக்கவும்' என்று ஒரு வரி சேர்த்து, ஆணையருக்குத் தனிக் கடிதமும் கொடுத்துவிடுங்கள். கண்காணிப்புக் குழுவின் தலைவர் அவர்தான்.

கால்நடை மருத்துவர் ஒருவன்:

மூலப் பதிவேட்டை நேரில் பார்ப்பதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. சாவை எழுதும் இடத்தில் காரணத்துக்கு ஒரு கட்டமும், மருத்துவர் கையெழுத்தும் இருக்கட்டும். வெறும் 'இறந்தது' என்று போட்டால்தான் கொலை என்கிறார்கள். இணையத்தில் போடுவது பற்றி என் மனம் இன்னும் மாறவில்லை, மன்னிக்கவும்.

கீழத்தெரு வாசி:

சரி. பார்வையிட அனுமதி கேட்டு இன்று மனு கொடுத்துவிட்டேன். சிசிடிவி வரியையும் சேர்த்தேன். டாக்டர், நாள் குறித்தால் நீங்களும் வர முடியுமா? எனக்கு அந்த நோட்டில் எது சரி, எது தப்பு என்று பார்க்கத் தெரியாது.

கால்நடை மருத்துவர் ஒருவன்:

வேலை நாளாக இருந்தாலும் வருகிறேன். துண்டுச் சீட்டுகளையும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு பிள்ளை அப்பா:

நானும் வருகிறேன். பள்ளிக்கூட வாசல் அந்த நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும்.

தெருநாய்த் தோழி:

என் நோட்டைத் தருகிறேன். பதினாலு தெரு, எந்த நாயை எந்தத் தேதியில் வண்டி தூக்கியது, எப்போது திரும்பியது, எல்லாம் இருக்கிறது. அவர்கள் பதிவேட்டோடு ஒத்துப்பாருங்கள். படம் எடுக்க வேண்டாம், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுங்கள்.