மறு: ‘ஃபௌல்’ கீழே, ‘பேர்ட்’ மேலே: இதற்கு என்ன சொல்?

வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘ஃபௌல்’ (fowl) என்ற பொதுச்சொல் கீழே இறங்கி, ‘பேர்ட்’ (bird) என்ற சிறுசொல் மேலே ஏறியதே, இந்த மாற்றத்துக்குத் தமிழில் என்ன கலைச்சொல் என்பது கேள்வி. அதற்கு நண்பர் நேற்று முன்வைத்த ‘பொருள் இடமாற்றம்’ எனக்கு ஒட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பழைய ஆங்கிலத்தில் பறவை எதுவானாலும் ‘ஃபுகோல்’தான். பருந்தும் அதுதான், சிட்டும் அதுதான். ‘பிரிட்’ என்றால் கூட்டில் வாய் பிளந்து கிடக்கும் குஞ்சு. இன்றைக்கு அந்தக் குஞ்சு ‘பேர்ட்’ ஆகி மொத்தப் பறவைக் குலத்துக்கும் பெயராகிவிட்டது. ‘ஃபுகோல்’ தேய்ந்து ‘ஃபௌல்’ ஆகி, பெரும்பாலும் கோழிக்கூண்டோடு நின்றுவிட்டது. இது ஒரே நாளில் நடக்கவில்லை. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் பாடவிட்ட சின்னப் பறவைகள் ‘ஃபௌல்’கள். 1611-இல் வந்த ஆங்கில விவிலியத்தில் (மத்தேயு 6:26) ஆகாயத்துப் பறவைகளும் ‘ஃபௌல்’கள். இன்றைய பிள்ளை படித்தால் வானத்தில் கோழி பறக்கிறது என்றுதான் நினைக்கும்!

ஆங்கிலத்தின் உறவு மொழிகள் இந்த வேலையைச் செய்யவில்லை. ஜெர்மனில் ‘ஃபோகல்’, ஸ்வீடிஷில் ‘ஃபோகெல்’, டேனிஷில் ‘ஃபூல்’, எல்லாம் இன்றும் பறவைதான். கோதிக் என்ற அழிந்துபோன உறவு மொழியில் 4-ஆம் நூற்றாண்டில் வந்த விவிலியத்தின் ‘ஃபுக்ல்ஸ்’ஸும் அப்படியே. ஆங்கிலத்திலும் பழைய பொருள் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எசெக்ஸ் கடலோரத்தில் ஃபௌல்னெஸ் என்றொரு தீவு. எழுத்தைப் பார்த்தால் (Foulness) ‘அழுக்கு’ என்று படும். உண்மையில் ‘பறவைகளின் முனை’.

சரி, ‘இடமாற்றம்’ ஏன் வேண்டாம்? ‘பிரிட்’ எப்படி ‘பேர்ட்’ ஆனது என்று பாருங்கள். ரகரமும் உயிரும் இடம் மாறின. குதிரையை ‘குருதை’ என்றும் மதுரையை ‘மருதை’ என்றும் ஊரில் சொல்கிறோமே, அந்த வகை. அதையும் இடமாற்றம் என்றுதான் எழுதுகிறோம். ஒரே சொல்லில் ஒலியும் இடம் மாறி, பொருளும் இடம் மாறியது என்றால் மாணவர் திணறிப்போவார்.

என் பரிந்துரை: படிமாற்று. ஒரு சொல் பொதுப்பெயர் என்னும் மேல்படிக்கு ஏற, அங்கே இருந்த சொல் ஒரு வகைக்கு மட்டும் பெயராகக் கீழ்ப்படிக்கு இறங்குவது.

---

ஐயா, ‘படி’ என்றதும் எனக்கு நகலும் அரிசி அளக்கும் படியும்தான் நினைவுக்கு வருகின்றன. பொருள் விரிவு, பொருள் குறுக்கம் என்று ஏற்கெனவே இருக்கின்றனவே, போதாதா?

---

அம்மா, அவை இரண்டும் வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு சொல்லின் கதையை மட்டும் சொல்லும். எனக்கு வேண்டியது ஜோடியின் கதை. நாயைப் பாருங்கள். ‘ஹவுண்ட்’ முன்பு எல்லா நாய்க்கும் பெயர், ஜெர்மன் ‘ஹுண்ட்’ இன்றும் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் அபூர்வமாக எட்டிப்பார்த்த ‘டாக்’ மேலே ஏறியது, ‘ஹவுண்ட்’ வேட்டைநாயோடு நின்றது. அச்சாக அதே ஆட்டம்.

ஆனால் ‘டியர்’ (deer) இதில் சேராது. அதன் ஜெர்மன் உறவு ‘டீர்’ என்றால் விலங்கு. ஆங்கிலத்திலும் முதலில் விலங்குதான், பிறகு மான் ஆனது. காலியான இடத்துக்கு வந்த ‘அனிமல்’ லத்தீன் வழிச் சொல், கீழ்ப்படியிலிருந்து ஏறியதல்ல. ஆகவே இது குறுக்கம் மட்டுமே. நம் ‘மான்’ கூட இப்படித்தான்: சங்கப் பாட்டில் ‘கடுமான்’ என்றால் விரைந்தோடும் குதிரை, அரிமான் சிங்கம். இன்று மான் மான் மட்டுமே. பறவையைக் குறித்த நம் பழைய ‘புள்’ளையும் படிமாற்றில் சேர்க்க முடியாது. ‘பறவை’ வந்தபின் அது செய்யுளுக்குப் போனதே தவிர, கோழியாகவோ குஞ்சாகவோ இறங்கவில்லை.

அரிசிப் படி குழப்பம் எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ‘மாற்று’ ஒட்டியதும் மாடிப்படிதான் கண்ணில் தெரிகிறது. வினையாக்கவும் எளிது: ‘ஃபௌலும் பேர்டும் படிமாறின’. ‘பொருள் இடமாற்றம்’ அடைந்தன என்று எழுதிப் பாருங்கள், வரி எவ்வளவு கனக்கிறது!