கட்டித் தருபவர் மகனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டார், என் வீடு லின்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னல் மேல்மட்டம் வரை வந்து நிற்கிறது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

காவிரிக்கரை

திருச்சி பக்கம் மூன்றரை சென்ட் மனை. 1,150 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கட்டுகிறோம். கட்டித் தருவது ஒரு குடும்ப நிறுவனம். நிறுவனம் என்றதும் கண்ணாடிக் கதவும் ஏசியும் நினைத்துவிடாதீர்கள், அவர்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ், வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பெரியவர் கொத்தனாராக இருந்து மேஸ்திரியாகி, அப்புறம் சொந்தமாக எடுத்துக் கட்ட ஆரம்பித்தவர். மகன் சிவில் படித்தவர். அம்மா கூலிக் கணக்கு பார்க்கிறார், சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் அவர் கையால்தான்.

நானும் பெரியவரும் போட்ட ஒப்பந்தம் இரண்டே பக்கம். மீதி எல்லாம் அவருடைய டைரியில். ஏதோ பேங்க் கொடுத்த பழைய டைரி, ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். சமையலறை மேடை உயரம் என் மனைவிக்கு ஏற்ற மாதிரி இரண்டரை அடி, பூஜை அறைக்கு மரநிலை, முன்பக்க சன்ஷேடு மூன்றடி, எல்லாம் நின்றபடியே சொல்வோம், நின்றபடியே எழுதிக்கொள்வார்.

போன ஞாயிறு தட்டில் பழம், வெற்றிலை பாக்கோடு கணவன் மனைவி இருவரும் வந்தார்கள். மகனுக்குக் கல்யாணம் போல என்று நினைத்தேன். "ஸ்டென்ட் வெச்சிருக்கு, வெயில்ல நிக்கக் கூடாதாம், இனிமே தம்பி பார்த்துப்பான்" என்றார். மறுநாளே மகனிடமிருந்து வாட்ஸப்பில் பதினான்கு பக்கத்துக்கு ஒரு ஒப்பந்தம் வந்தது. எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு பணம், எது கூடுதல் வேலை, எல்லாம் அட்டவணை போட்டு. சன்ஷேடு அதில் இரண்டடி. கேட்டதற்கு, "அப்பா சொன்னது எதுலயாவது எழுதியிருக்கா சார்?" என்கிறார். மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இதே மாதிரி பாதியில் கை மாறிய அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கோவைக்காரி

எனக்கு நடந்தது இதைவிட மோசம், ஆனால் முடிந்தது நல்லபடியாகத்தான், அதனால் முழுசா படிங்க. 2019-ல் நாங்கள் கட்ட ஆரம்பித்தபோது ஒரு அப்பாவும் இரண்டு பையன்களும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒதுங்கினார். வெளிப்பூச்சு ஆரம்பிக்க வேண்டிய நேரத்தில் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை. நாங்கள் கொடுத்த பணம் யாரிடம் போனது என்று கேட்டால் அண்ணன் தம்பியைக் கைகாட்டுகிறார், தம்பி அண்ணனைக் கைகாட்டுகிறார். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் சாரமும் சென்ட்ரிங் சீட்டும் காணோம், அண்ணன் பங்கில் வந்ததாம், ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஏழு மாதம் வீடு பூசாமல் செங்கல்லாகவே நின்றது. நடுவில் மழைக்காலம் வேறு. மேற்குச் சுவரில் இறங்கிய ஓதம் இன்றைக்கும் படுக்கையறை மூலையில் பெயின்டைப் பொரித்துக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டுக்காரர் வக்கீலைப் பார்க்கப் போனார். நான் அவர்கள் அம்மாவைப் பார்க்கப் போனேன். அந்தம்மா அதிகம் பேசவில்லை. மறுநாள் ஆட்டோ பிடித்து சைட்டுக்கு வந்து, கட்டியாகிப் போயிருந்த ஒரு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்து, இரண்டு பேரையும் போனில் கூப்பிட்டார். "ரெண்டு பேர்ல ஒருத்தன் கரண்டியத் தூக்குற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார். தம்பி வந்தார். மூன்று வாரத்தில் பூச்சு முடிந்தது.

காவிரிக்கரை, உங்கள் ஆளுக்கு ஒரே பையன்தானே? அப்படியென்றால் பாதி பிரச்சினை இல்லை. ஆனால் இனிமேல் பணம் யார் கணக்கில் போட வேண்டும், ரசீதில் கையெழுத்து யாருடையது, இந்த இரண்டையும் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். நாங்கள் அதைக் கேட்கவில்லை.

அபுதாபி டு அறந்தாங்கி

நான் வெளிநாட்டில் இருந்தபடியே கட்டினேன். எனக்கும் கட்டித் தருபவரின் மகன்தான் வேலை பார்த்தார், தினமும் வீடியோ அனுப்புவார், பின்னணியில் பாட்டெல்லாம் போட்டு. கான்கிரீட் அன்றைக்கு ட்ரோன் கூட விட்டார்கள். மேலே இருந்து பார்க்க என் வீடு அவ்வளவு அழகு. ஊருக்கு வந்து ஹாலில் அண்ணாந்து பார்த்தால் ஃபேன் பாக்ஸ் இல்லை. கான்கிரீட் கூரைத் தளத்துக்குள் வைக்கவே மறந்துவிட்டார்கள். அப்புறம் தளத்தைக் குடைந்து கொக்கி மாட்டியதில் கம்பி தெரிந்தது, அதை மூட ஒரு செலவு. அவருடைய அப்பா காலத்தில் ட்ரோன் கிடையாது, ஃபேன் இருந்திருக்கும்.

ரசமட்டம்

முப்பது வருடம் சைட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் பெரியவர் என்றால் நல்லவர், பையன் என்றால் கத்துக்குட்டி என்ற மாதிரியே பேசுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

பழைய மேஸ்திரிகளிடம் நான் கண்ட பெரிய குறை தண்ணீர். கலவை சட்டியில் இருந்து தானாக வழுக்கி விழ வேண்டும் என்பார்கள், மிக்சரில் வாளி வாளியாக ஊற்றுவார்கள். வேலை சுலபம்தான், ஆனால் தண்ணீர் கூடக் கூட கான்கிரீட்டின் பலம் குறையும், காய்ந்ததும் வெடிப்பு வரும். எத்தனையோ பெரியவர்களிடம் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். படித்த பையன்கள் இதில் பரவாயில்லை. கம்பி பலகையில் படாமல் தூக்கிப் பிடிக்க வைக்கும் கவர் பிளாக்கும் அப்படித்தான். முன்பெல்லாம் ஜல்லியைக் கம்பிக்கு அடியில் செருகிவிட்டுப் போய்விடுவார்கள். தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பீமுக்கு 25, தூணுக்கு 40 என்று கம்பியை மூடிக் கான்கிரீட் கவர் இருந்தால்தான் கம்பி துருப்பிடிக்காது.

பெரியவர்களிடம் இருப்பது வேறு. செங்கல் லோடு இறங்கியதும் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார்கள். கணீர் என்று கேட்டால் இறக்கு, டொப்பென்றால் வண்டியைத் திருப்பு. பையன் போனில் லோடு சொல்வார், பில்லைப் பார்ப்பார், கல்லைத் தட்ட மாட்டார்.

அதனால் யார் பொறுப்பு என்று கவலைப்படுவதை விட்டு, அடுத்து வரப்போவது தளம் என்பதைப் பாருங்கள். 12 மில்லிமீட்டர் கம்பி ஒரு முழு நீளம், அதாவது 12 மீட்டர், சுமார் 10.7 கிலோ இருக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் என்றால் 4.7. ஐந்து, ஏழு சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதற்குக் கீழே போனால் கேளுங்கள். தளம் போட்டதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், இப்போது வருவது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட், பத்து நாளுக்குக் குறையக் கூடாது. தளத்தைத் தாங்கும் முட்டுகளை அவசரப்பட்டுப் பிரிக்க விடாதீர்கள். சாதாரண சிமென்ட் என்றால் 4.5 மீட்டர் வரை அகலமுள்ள அறைக்கு ஏழு நாள், அதற்கு மேல் பதினான்கு; பிபிசி என்றால் அதைவிடக் கூடுதல் நாள் விட வேண்டும். அடுத்த சைட்டுக்கு முட்டு வேண்டும் என்று மூன்றாம் நாளே வந்து நிற்பார்கள், அதில் மட்டும் அப்பாவும் மகனும் ஒன்று.

டைரிக்காரர் மகள்

நான் அந்தப் பக்கத்து ஆள். காரைக்குடி பக்கம் எங்கள் அப்பா கட்டுமானத் தொழில், நான் நாலு வருடமாக அவரோடு இருக்கிறேன். காவிரிக்கரை சொல்லும் டைரி எங்கள் வீட்டிலும் உண்டு. ஒன்றில்லை, பதினேழு.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது மூன்று சைட் ஒரேயடியாக என் தலையில் வந்தது. வீட்டுக்காரர்கள் வருவார்கள், என் முகத்தைப் பார்த்தே "அப்பா இல்லையாம்மா?" என்பார்கள். கம்பி கட்டியதில் தப்பு என்று நான் சொன்னால் கம்பிக்காரர் சிரிப்பார், அதையே அப்பாவிடம் போனில் சொல்ல வைத்தால் பிரிப்பார். சரி, அதை விடுங்கள். உண்மையான தொல்லை டைரிதான். "கி. மூ. 9 இ. ஜ. கூ." என்று எழுதியிருப்பார். கிழக்கு மூலையில் ஒன்பது இன்ச் ஜன்னல் கூடுதல் என்று நான் படித்தேன். அது கிழவர் மூட்டை ஒன்பது, இறக்கு கூலி ஜம்புவுக்குக் கூடக் கொடுத்தது. பதினோரு ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினேன்.

அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. வீட்டுக்காரர்கள் கேட்டதெல்லாம் அதில் இருந்தது, அதற்கு என்ன விலை என்பது பாதிக்கு மேல் இல்லை. "அண்ணே, அப்படியே இங்க ஒரு அலமாரி" என்று கேட்பார்கள், அப்பாவும் சரி என்பார். ஒரு வீட்டில் மட்டும் இப்படி இருபத்து மூன்று 'அப்படியே'. கடைசியில் அந்த வீட்டில் லாபம் என்று எங்களுக்கு நின்றது மிச்சமான அரை லோடு எம் சாண்ட்தான். சார், அந்தப் பையன் பதினான்கு பக்கம் அனுப்பினார் என்றால் உங்களை ஏமாற்ற இல்லை, வீட்டில் அம்மா கணக்கு நோட்டைக் காட்டியிருப்பார்.

ஜிஎஸ்டி வரியையும் நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள். பொருளோடு சேர்த்துக் கட்டித் தந்தால் 18 சதவீதம். பொருள் நீங்கள் வாங்கி, தனி வீட்டுக்கு லேபர் மட்டும் என்றால் வரி கிடையாது. 2025 செப்டம்பரில் சிமென்டுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைத்தார்கள் இல்லையா, மறுநாள் காலையிலேயே எங்களுக்கு நாலு போன், சதுர அடிக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று. கம்பி ஏறிய போது யாரும் போன் செய்யவில்லை, இதையும் எழுதி வைக்கிறேன்.

நான் சொல்வது இதுதான். அப்பா, மகன், நீங்கள், மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்காருங்கள். டைரியை அவர் வாயாலேயே படிக்கச் சொல்லுங்கள். படித்ததை மகன் தன் பதினான்கு பக்கத்தில் ஏற்றட்டும், பிறகு மூன்று கையெழுத்து. இதைத் தள்ளிப்போடாதீர்கள், பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்கிறீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பத்திரம்

சுருக்கமாகச் சொல்கிறேன். சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டும் தனி வீட்டுக்கு ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் வராது, அங்கே போய் நிற்க வேண்டாம். வீடு கட்டித் தருவது சேவை என்பதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள். வாட்ஸப்பில் பேசியதையும் அழிக்காமல் வையுங்கள்.

கோவைக்காரி

அதெல்லாம் கடைசியில். முதலில் அவங்க அம்மாவைப் போய்ப் பாருங்க.

காவிரிக்கரை

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கோவைக்காரி சொன்னபடி அம்மாவிடம்தான் முதலில் பேசினேன். "டைரிதான, வாங்க, அவருக்கும் பொழுது போகல" என்றார். அவர்கள் முன்னறையில் உட்கார்ந்தோம், காபி வந்தது, பெரியவர் ரப்பர் பேண்டைக் கழற்றினார். சன்ஷேடு மூன்றடி, தேதியோடு இருந்தது. மகன் ஒன்றும் சொல்லாமல் லேப்டாப்பில் திருத்தினார். பூஜை அறை மரநிலையும் இருந்தது. நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்த பக்கத்தைத் திருப்பி, "சம்ப் ஏழாயிரம் லிட்டர், கூட ஆகுற செலவு சார் தர்றேன்னாரு" என்று படித்தார். எனக்கு ஞாபகமே இல்லை. ஐந்தாயிரம்தான் பேசியது என்று சொல்ல வாயெடுத்தேன், என் மனைவி "ஆமாங்க, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுன அன்னைக்கு சொன்னீங்க, நானும் இருந்தேன்" என்றாள். கொடுத்தேன்.

தளம் போன வியாழன் போட்டோம். பெரியவர் கேட்காமல் ஆட்டோவில் வந்துவிட்டார். மேலே ஏறக் கூடாது என்பதால் எதிர்வீட்டுப் புங்கமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தோம். மகன் மேலே நின்றார். மிக்சரில் இரண்டாவது வாளி தண்ணீரை ஒருவர் தூக்கியதும் கீழே இருந்து பெரியவர், "ஊத்துடா, ஓடட்டும்" என்றார். மேலே இருந்து மகன் "வேண்டாம்" என்றார். அந்த ஆள் வாளியோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ரசமட்டம் ஐயா, உங்களை நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவன் சொல்றதக் கேளு" என்றார்.

மதியம் எல்லோருக்கும் பிரியாணி. பெரியவருக்கு மட்டும் வீட்டிலிருந்து தயிர் சாதம் வந்தது, அம்மா டிபன் கேரியரில் கொடுத்தனுப்பியிருந்தார். பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறது, இன்று ஆறாம் நாள். முட்டு கேட்டு ஒருவர் வந்தார், மகனே திருப்பி அனுப்பிவிட்டார்.

அபுதாபிக்காரருக்கு: ஃபேன் பாக்ஸ் ஆறு. கான்கிரீட் விழுவதற்கு முன்னால் நானே ஏறி எண்ணிவிட்டேன்.