வெந்நீரில் பெர்மாங்கனேட் உடனே பரவிவிடுகிறதே, அது விரவல்தானா, அதாவது மூலக்கூறுகள் தாமாகவே பரவுவதா?

குடியாத்தம் அம்மா:
மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அறிவியல் கண்காட்சிக்காக நேற்று வீட்டில் இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்து, ஒன்றில் பானைத் தண்ணீர், இன்னொன்றில் அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர் ஊற்றி, இரண்டிலும் பெர்மாங்கனேட் இரண்டு துணுக்கு போட்டாள். வெந்நீர் ஒரு நிமிஷத்தில் முழுக்க ஊதாவாகிவிட்டது. பானைத் தண்ணீரில் நூல் மாதிரி ஒரு கோடு இறங்கி அடியில் தேங்கிக்கொண்டது, ஒரு மணி நேரம் கழித்தும் மேல்பாதி தெளிவாகவே இருந்தது. 'சூட்டில் மூலக்கூறு வேகமாக ஓடும், அதனால் விரவல் வேகம்' என்று சார்ட்டில் எழுதிவிட்டாள். அது சரிதான், ஆனால் இவ்வளவு வித்தியாசம் வருமா? நடுவர் கேட்டால் அவள் என்ன சொல்வது?

காட்பாடி இயற்பியல்:
அம்மா, உங்கள் சந்தேகம் ரொம்பச் சரி. 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் தண்ணீரின் பிசுபிசுப்பு பாதிக்கும் கீழே குறைகிறது, வெப்ப அசைவும் கொஞ்சம் கூடுகிறது, இரண்டையும் சேர்த்தாலும் விரவல் சுமார் இரண்டரை மடங்குதான் வேகமாகும். நீங்கள் பார்த்தது அறுபது மடங்குக்கும் மேல். மீதி எல்லாம் தண்ணீரே நகர்ந்து நிறத்தைத் தூக்கிக்கொண்டு போனது. மேற்பரப்பும் டம்ளர் ஓரமும் ஆற ஆற அந்தத் தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும், சூடானது மேலே வரும், ஊற்றும்போது உண்டான சுழலும் உடனே அடங்காது. போதாததற்குத் துணுக்கும் வெந்நீரில் சீக்கிரம் கரையும்: 20 டிகிரியில் 100 மில்லியில் 6 கிராம் சொச்சம் கரைவது 65 டிகிரியில் 25 கிராம் வரை போகும்.

பானைத் தண்ணீரில் இறங்கிய கோடும் விரவல் அல்ல. கரைந்த இடத்தில் தண்ணீர் கனமாகி அடிக்கு வழிந்திருக்கிறது, அவ்வளவுதான். உண்மையான விரவல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, அது பொறுமையைச் சோதிக்கும். 1905இல் ஐன்ஸ்டைன் காட்டிய கணக்குப்படி தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. பெர்மாங்கனேட் 1 செ.மீ. போக ஏறக்குறைய 9 மணி நேரம், 2 செ.மீ.க்கு ஒன்றரை நாள், 10 செ.மீ. டம்ளர் முழுக்க ஏற ஒரு மாதத்துக்கும் மேல்! அதுவும் ஜன்னல் வெயில் ஒரு பக்கம் படாமல், யாரும் டம்ளரைத் தொடாமல் இருந்தால். நம் ஊர் மே மாதத்தில் அது நடக்கிற காரியமா என்ன.

அதனால் தண்ணீரை ஓடவிடாமல் கட்டிவையுங்கள். ரம்ஜானுக்குக் காய்ச்சுவார்களே கடல்பாசி, அதைச் சர்க்கரை இல்லாமல் காய்ச்சித் தட்டில் உறையவிட்டு, நடுவில் ஸ்ட்ராவால் ஒரு குழி எடுத்து, கேசரி பவுடர் கரைத்துச் சொட்டுங்கள். பாசிக்குள் நீரோட்டம் கிடையாது, சின்ன மூலக்கூறுகள் மட்டும் நுழைந்து போகும். பெர்மாங்கனேட் வேண்டாம், அது பாசியோடு வினைபுரிந்து பழுப்பேறும்.

ஆம்பூர் டிரம்:
காட்பாடி சார் சொல்வதைத்தான் தோல் பதனிடும் ஷாப்பில் தினமும் பார்க்கிறோம். தோலையும் கரைசலையும் போட்ட டிரம் எவ்வளவு சுற்றினாலும் வெளியே உள்ள கரைசல்தான் கலங்கும், தோலின் உள்ளே அதைப் பதப்படுத்தும் குரோமியம் தானாக ஊறித்தான் போகவேண்டும். ஆட்டுத்தோலை விட எருமைத்தோலுக்கு நேரம் அதிகம் பிடிப்பதும் அதனால்தான். முதலில் பிக்கிளில், அதாவது உப்பும் அமிலமும் கலந்த நீரில், அமிலத்தன்மையைக் கூட்டி, பி.எச். 3 பக்கம் வைப்போம், அப்போதுதான் குரோமியம் வழியிலேயே தோலின் நாரைப் பிடித்துக்கொள்ளாமல் உள்ளே போகும். கழுத்துப் பக்கம், தடிமனான இடத்தில், ஒரு துண்டு வெட்டிப் பார்ப்போம். குறுக்கே முழுக்க குரோமியத்தின் நீலமா? அப்புறம்தான் சோடா பைகார்ப் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நாரோடு இறுகவைப்பது. நடுவில் வெள்ளைக் கோடு இருந்தால் அவசரப்படக் கூடாது, அவசரப்பட்டால் மேலே மட்டும் பிடித்துக்கொண்டு நடு பதப்படாமலே நின்றுவிடும்.

சாயத்தொட்டி:
அக்கா, நானும் நம்ம ஊர்தான், லுங்கி நூலுக்குச் சாயம் போடுகிறோம். கரைந்தால்தான் விரவும் என்பதையும் பாப்பா சார்ட்டில் சேர்க்கட்டும். வேட் (vat) என்கிற சாய வகை தண்ணீரில் கரையவே கரையாது, காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனமும் போட்டால்தான் கரையும், கரையும்போது நிறமே மாறிவிடும். நூலுக்குள் போன பிறகு காற்றில் விரித்தால் பழைய நிறம் திரும்பி, மறுபடி கரையாததாகி, உள்ளேயே தங்கிவிடுகிறது. துவைத்தாலும் போகாது. வீட்டிலேயே காட்ட மஞ்சள்தூள் போதும்: தண்ணீரில் அடியில் படியும், எண்ணெயில் நிறம் இறங்கும்.

குடியாத்தம் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. கடல்பாசி செய்து பார்த்தோம். குழி ஓரத்திலிருந்து 1 மணி நேரத்தில் 3 மி.மீ., 4 மணி நேரத்தில் 6 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. நேரம் நான்கு மடங்கு, தூரம் இரண்டு மடங்கு! ஒன்பதாவது மணி நேரத்துக்கு 9 மி.மீ. வரவேண்டும் என்று அவளே கணக்குப் போட்டுவிட்டு, அளவுகோலோடு தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பழைய டம்ளர்களைத் தூக்கிப் போடவில்லை, 'இது விரவல் அல்ல, நீரோட்டம்' என்று சீட்டு ஒட்டி அவற்றையும் வைக்கப்போகிறாளாம்.