அலெக்சாண்டர் கைபரைக் கடந்தாரா?

நெடுவழி:
"அலெக்சாண்டரின் குதிரைக் குளம்படி பட்ட லண்டி கோட்டல் கிராமம்" என்று கைபர் கணவாயிலுள்ள அந்த ஊரைப் பற்றி மேற்குவாசல் நேற்று எழுதியதைப் படித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை. கி.மு. 327-இல் அலெக்சாண்டரின் தளபதிகளான ஹெபஸ்தியோனும் பெர்டிக்காசும் பெரும்படையோடு நேர்வழியில் சிந்து நதிக்கு அனுப்பப்பட்டார்கள். அலெக்சாண்டரோ வடக்கே திரும்பி, குனார், ஸ்வாத் பள்ளத்தாக்குகளில் மசாகா, ஆர்னோஸ் என்னும் அரண்களை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார். அப்படியிருக்க, லண்டி கோட்டலில் பட்டது யாருடைய குதிரையின் குளம்படி?

மேற்குவாசல்:
படை சென்றால் அரசன் சென்றதாகச் சொல்வது உலக வழக்கு. போகட்டும், ஹெபஸ்தியோன் சென்ற வழி கைபர் என்று உங்களுக்கு யார் சொன்னது? அலெக்சாண்டரின் வரலாற்றை எழுதிய கிரேக்கர் அரியன் தம் நூலில் கைபர் என்ற பெயரையே குறிப்பிடவில்லை. அவரும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதியவர்தானே?

நெடுவழி:
அரியன் ஆதாரமாகக் கொண்டது, அலெக்சாண்டரோடு உடன்வந்த தளபதி தாலமியின் குறிப்புகளை. ஹெபஸ்தியோன் எந்தக் கணவாயில் நுழைந்தார் என்பதல்ல என் கேள்வி. அலெக்சாண்டர் நுழைந்தாரா? அதற்கு மட்டும் விடை வேண்டும். போன மாதம் குவெட்டா பக்கத்துப் போலன் கணவாயைப் பெஷாவருக்கு அருகில் கொண்டுவந்து வைத்தவரிடம் திசையறிவை எதிர்பார்ப்பது என் பிழைதான். லண்டி கோட்டல் கிராமமும் அன்று, நகரம்.

மேற்குவாசல்:
போலன் விஷயத்தை அன்றே திருத்திவிட்டேன். அதை நீங்கள் இன்னும் மடியில் கட்டிக்கொண்டு திரிகிறீர்கள். லண்டி கோட்டலை நகரமாக்கியது 1925-இல் ஜம்ருதிலிருந்து 34 சுரங்கங்களைக் குடைந்து வந்த ரயில்பாதை. நான் எழுதியது பழங்காலத்தைப் பற்றி.

கல்தச்சன்:
ரயில் வருவதற்கு முன்பே அங்கே படைமுகாம் இருந்தது. ரயில்தான் நகரமாக்கியது என்பது மிகை. கோட்டல் என்ற சொல்லுக்கே கணவாய் என்றுதான் பொருள் என்பதை இருவரும் கவனிக்கவில்லை. இந்தக் கணவாயிலேயே, ஜராய் என்னும் சிற்றூரின் அருகில், குஷாணர் காலத்தை நினைவூட்டும் ஷ்போலா பௌத்தத் தூபி பாதி சிதைந்து நிற்கிறது. வராத அரசனுக்கு இத்தனை சண்டை. வந்து தங்கிய பௌத்தத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

நெடுவழி:
"வராத அரசன்" என்று கல்தச்சனே எழுதிவிட்டார், நன்றி.

கல்தச்சன்:
அதை உங்களுக்குச் சாட்சியாக எழுதவில்லை. என் வாக்கியத்தில் பாதியைப் பிய்த்தெடுக்கும் பழக்கம் உங்களை விட்டுப் போகவில்லை.

நெடுவழி:
பாதியோ முழுதோ, கேள்வி மாறவில்லை. ஆர்னோஸ் என்பது ஸ்வாத்துக்குக் கிழக்கே, சிந்து நதியோரமாக உள்ள பீர் சர் மலைதான் என்று தொல்லியல் அறிஞர் ஆரல் ஸ்டைன் 1926-இல் நேரில் சென்று பார்த்து வாதிட்டார். அந்த மலையில் ஏறிக்கொண்டிருந்தவர் கைபரில் குதிரை ஓட்டியிருக்க முடியுமா?

மேற்குவாசல்:
ஸ்டைன் சொன்ன அடையாளத்தை ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். என் வரியை நான் மாற்றப்போவதில்லை.

நெடுவழி:
மாற்ற வேண்டாம். குளம்படியை மட்டும் காட்டுங்கள்.